மூன்று பெட்டிகள் குடிபோன ஞாயிறு

ஜனவரி பிறந்ததிலிருந்து ஜெயபாயின் கட்டடத்தில் வெள்ளைத் துணி எதுவும் வெள்ளையாக மாடியை விட்டு இறங்கவில்லை. காலையில் காயப்போட்டதை மத்தியானம் எடுக்கப் போனால் அங்கங்கே மஞ்சள் புள்ளி விழுந்திருக்கும். சில கடுகளவு, சில கடுகை விரலால் இழுத்துத் தேய்த்ததுபோல நீளமாக. சோப்புப் போட்டால் மங்கும், போகாது.

முதல் பழி ஸ்ரீகுமாரியின் தலையில் விழுந்தது. அவள் இரண்டாவது மாடிக்காரி. மொட்டைமாடியில் பாய் விரித்து மஞ்சள் காயவைத்திருந்தாள். "எனக்க மஞ்சளுக்கு றெக்கை முளைச்சு கொடியில ஏறுமா?" என்று கேட்டுவிட்டுக் கோபத்தோடு பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். மஞ்சள் போன பிறகும் புள்ளி விழுந்தது. பிறகு பக்கத்துத் தோட்டத்துத் தென்னம்பூ மேல் சந்தேகம் வந்தது. கடைசியில் முதல் மாடி ஜெஸ்மிதான், துணி உதறிக்கொண்டிருந்தவள் தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து தேனீக்கள் நூல் பிடித்ததுபோலக் கொடியின் மேலாகப் போய்க்கொண்டிருந்தன.

தொட்டிக்குப் பின்னால் மூன்று தேன்பெட்டிகள் இருந்தன. டிசம்பர் கடைசியில் கொண்டுவந்து வைத்தவர் மேல்மாடியில் குடியிருந்த சிவதாணு.

ஜெயபாயால் அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. வீடு பார்க்க வந்த அன்றே அவர் கேட்டிருந்தார், "சிஸ்டரே, மூணு பெட்டி உண்டு, டெரசுல வச்சுக்கலாமா?" என்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்றவர், பழைய வயரும் கருவியுமாக ஏதோ வைத்திருப்பார் என்று நினைத்து, "அதுக்கென்ன சாரே, வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டாள். குவைத்தில் இருபது வருடத்துக்கு மேல் நர்சாக இருந்து, அந்தச் சம்பாத்தியத்தில் பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆறு வீடுள்ள இந்தக் கட்டடத்தைக் கட்டியவள். எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்காமல் உள்ளே விடக்கூடாது என்று விமான நிலையங்களில் அவளுக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொந்த வீட்டில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

புள்ளியோடு போயிருந்தால் பொறுத்திருக்கலாம். பிப்ரவரி முதல் வாரம் ஜெஸ்மியின் ஐந்து வயது மகள் பின்சியின் கண்ணிமையில் ஒன்று கொட்டிவிட்டது. ஒரு பக்கத்து முகம் அப்பமாக உப்பியது. ஜெயபாயே கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்து, ஐஸ் வைத்து, மருந்து கொடுத்தாள். பிள்ளை தூங்கியதும் ஜெஸ்மி சாயா போட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமி, நான் சண்டைக்கு வரல்ல. அந்த ஆளு நல்ல ஆளுதான். ஆனா ஒண்ணு அவரு வீட்ட ஒழியணும், இல்லேங்கி நாங்க ஒழியணும். நெய்யாற்றின்கரையில ஒரு வீடு சஜு பாத்து வச்சிருக்காரு."

ஜெயபாய் சாயாவைக் குடிக்காமல் கீழே வைத்தாள். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தபோது, தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவில்லையே என்று யோசித்துக் கதவைத் தட்டியவள் ஜெஸ்மி. கதவை உடைத்துத் தன் பிக்கப் வண்டியில் மெத்தை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவள் கணவன் சஜு. இடுப்பெலும்பு கூடும்வரை ஜெஸ்மி வீட்டிலிருந்து கஞ்சியும் பயறும் கீழே ஜெயபாயின் வீட்டுக்கு இறங்கி வந்துகொண்டிருந்தன. ஜெஸ்மி போய்விட்டால் அந்தக் கட்டடத்தில் ஜெயபாய்க்கு மிஞ்சுவது சுவர்தான்.

"மாச முடிவுக்குள்ள சொல்லிருதேன் மக்கா," என்றாள்.

வீட்டை ஒழியச் சொல்வது ஒப்பந்தப்படி எளிது. இந்தப் பக்கத்தில் வாடகை ஒப்பந்தம் எப்போதும் பதினொரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருடம் என்று எழுதினால் பதிவு அலுவலகம்வரை போகவேண்டும். ஒரு மாதத்தைக் குறைத்துவிட்டால் முத்திரைத்தாளோடு தீர்ந்துபோகும். பதினொரு மாதம் முடிகிறபோது புதுப்பிக்கவில்லை என்று சொன்னால் போதும். சிவதாணுவின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிந்தது. காகிதத்தில் ஒரு சிக்கலும் இல்லை. வாயில்தான் இருந்தது.

முதல் தடவை மேலே போனபோது சிவதாணு பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாரே, ஒரு காரியம் பேசணும்."

"பேசலாம் சிஸ்டரே. அதுக்கு முன்ன இதப் பாருங்க. இந்த மஞ்சள் புள்ளி என்னன்னு தெரியுமா? ஈ தன் வீட்டுக்குள்ள வெளிக்கு இருக்காது. எத்தன நேரமானாலும் அடக்கி வச்சிருந்து, வெயில் வந்த பொறவு வெளிய பறந்து போயிதான் இருக்கும். அவ்வளவு சுத்தமான சாதியாக்கும்."

"அதுக்கு எனக்க திருவிருந்துச் சேலையாக்கும் கிடைச்சுது?" கோயிலில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் ஞாயிறுகளில் மட்டும் அவள் கட்டும் வெள்ளைச் சேலை அது.

"அந்தத் தப்பு எனக்கது. கொடி எங்க இருக்குன்னு பாக்காம வாசல கிழக்க பாத்து வச்சிட்டேன். தின்னது பூந்தாது பாத்தியளா, அதான் மஞ்ச நெறம்."

ஜெயபாய் நர்ஸ். உடம்பில் போவதும் வருவதும் அவளுக்கு அருவருப்பில்லை. யோசித்துக்கொண்டே இறங்கிவிட்டாள். கீழே வந்த பிறகுதான் சொல்லவந்ததைச் சொல்லவில்லை என்பது உறைத்தது.

இரண்டாவது தடவை அவர் ஒரு ரப்பர்க் கொழுந்தை நீட்டினார். மூன்று இலைகள் காம்பில் சேரும் இடத்தில் ஊசிமுனை அளவில் ஈரம் மினுங்கியது. "நக்கிப் பாருங்க," என்றார். இனித்தது. குலசேகரத்திலிருந்து நெடுமங்காடுவரை ரப்பருக்குள் வளர்ந்தவர்கள்கூடத் தேன் பூவில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும், ரப்பர் இலையுதிர்த்துப் புதுக்கொழுந்து விடும் இந்த ஒன்றிரண்டு மாதம் இலைக்காம்பே தேன் சுரக்கும் என்றும், மழை பிடித்துவிட்டால் அது நின்று, ஈக்குச் சீனிப்பாகு காய்ச்சிக் கொடுக்கவேண்டிவரும் என்றும் அவர் விளக்கினார். ஜெயபாய் நாக்கில் இனிப்போடு இறங்கினாள்.

மூன்றாவது தடவை ராணி ஈ. அன்று சாயா வேறு.

"சொல்லியாச்சா மாமி?" என்று படியில் நின்ற ஜெஸ்மி கேட்டாள்.

"இல்ல மக்கா. ராணி ஒரு நாளைக்கு எத்தன முட்ட போடும் தெரியுமா?"

"அந்த ஆளு ஒங்களையும் கூட்டுல சேத்துட்டாரு," என்று சொல்லிவிட்டு ஜெஸ்மி உள்ளே போனாள். கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினாள்.

அந்தச் சத்தம் ஜெயபாயை உலுக்கியது. மறுநாள் சனிக்கிழமை. காலையில் போய், அவர் வாயைத் திறப்பதற்குள் நின்றபடியே சொன்னாள்: "சாரே, ஒப்பந்தம் புதுக்கல்ல. இந்த மாசத்தோட வீட்ட ஒழிஞ்சு தரணும். பிள்ளைக்குக் கொட்டிட்டு. அவங்க போயிட்டா எனக்கு ஆளில்ல."

சிவதாணு முக்காலியை விட்டு எழுந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இதச் சொல்லத்தான் மூணு வாட்டி வந்தியள். தெரியும். நீங்க வாய் தொறக்குமுன்ன நான் பேசத் தொடங்கினதும் அதுக்குத்தானாக்கும்." முக்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, "சொன்னது நல்லதாப் போச்சு. எனக்கும் தினம் புதுசு புதுசாச் சொல்லி முடியல்ல. இனி ராணியப் பத்திச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல," என்றார்.

இருவரும் சிரித்தார்கள். ஜெயபாய்க்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வக்கீலைப் பார், நோட்டீஸ் அனுப்பு என்று வெளியூரிலிருக்கும் மகன் போனில் சொன்னதெல்லாம் இந்த மனிதருக்காகவா என்று இருந்தது.

"நாளைக்குத் திருவிருந்து இல்லையா? ஒங்க வெள்ளச் சேல உணங்கணும். நீங்க ஒண்ணும் விசாரிக்கண்டா," என்றார் சிவதாணு. 'கவலைப்பட வேண்டாம்' என்ற அந்தக் கடைசிச் சொல் அவர் மலையாளத்தில் வாக்குக் கொடுப்பது. மலையாளத்தில் கொடுத்த வாக்கை அவர் மாற்றுவதில்லை.

அந்த வாக்கில்தான் தவறு நடந்தது.

தேன்பெட்டியை இடம் மாற்றுவதற்கு ஒரு கணக்கு உண்டு. நகர்த்தினால் ஒரு முழம், இல்லையென்றால் ஊர் தாண்டி. நடுவில் கூடாது. ஏனென்றால் தேனீக்குத் தன் பெட்டி தெரியாது. தன் இடம்தான் தெரியும். தொட்டி எந்தப் பக்கம், தென்னை எந்தப் பக்கம், வெயில் எங்கிருந்து விழுகிறது என்று மனத்தில் வரைந்து வைத்துக்கொண்டுதான் பறக்கும். ஊர் தாண்டிக் கொண்டுபோனால், வெளியே வந்து பார்க்கும்போது ஒன்றும் பழக்கமில்லாததால், நின்று நிதானித்துப் புதிதாக வரைந்துகொள்ளும். பக்கத்திலேயே வைத்தால் பழைய மரமும் பழைய கூரையும் கண்ணில் படும். நேரே பழைய இடத்துக்குத்தான் திரும்பும்.

இது சிவதாணுவுக்குத் தெரியாததல்ல. ஜெயபாய்க்கே ஒரு சாயங்காலம் சொல்லியிருக்கிறார். ஆனால் தூரத்தில் இடம் தேட ஒரு வாரமாவது ஆகும். ஒரு வாரம் என்றால் நாளை அந்தம்மாள் மஞ்சள் புள்ளியோடு திருவிருந்துக்குப் போகவேண்டும். இத்தனை மரியாதையாக ஒழியச் சொன்னவளை இன்னும் ஒரு நாள் சங்கடப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை. அந்தியில் ஈக்கள் அடைந்ததும் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஆட்டோவில் ஏற்றி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சிநேகிதன் ஒருவனின் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தார். ஜெயபாயின் மாடியிலிருந்து பார்த்தால் அந்தத் தோட்டத்துக் கமுகு தெரியும்.

ஞாயிறு காலை வெயில் ஏறியதும் ஜெஸ்மி துணி எடுக்கப் போனவள், போன வேகத்தில் இறங்கி வந்தாள்.

"மாமி, மேல போவாதீங்க."

ஜெயபாய் மாடிக் கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தாள். தொட்டிக்குப் பின்னால் பெட்டி இருந்த மூன்று இடத்திலும் காற்று கொதித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கில் தேனீக்கள் வெறும் இடத்தைச் சுற்றின, இறங்கின, எழுந்தன. தொட்டி மூடியில் ஒரு கைப்பிடி அளவு திரண்டிருந்தது. கொடியில் தொங்கிய பாலராமபுரம் கைத்தறி வெள்ளைச் சேலையின் ஓரம் முழுக்கக் கறுத்து அசைந்தது.

சிவதாணு மேலே வந்து அதைப் பார்த்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"படிச்சுப் படிச்சு எல்லாருக்கும் சொன்னேன், சிஸ்டரே. நானே செய்து வச்சிட்டேன்."

ஜெஸ்மி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று ஜெயபாய் பயந்தாள். ஜெஸ்மி கேட்டது இதுதான்: "இதுக வீட்டத் தேடியாக்கும் வந்திருக்கு?"

"ஆமா மக்கா."

"வீடு இல்லேங்கி?"

"சுத்திச் சுத்திக் கெடந்து சாவும். இன்னைக்கு நாளைக்குள்ள."

ஜெஸ்மி மாடிக் கதவின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். பிறகு படியில் எட்டிப் பார்த்துக் கணவனைக் கூப்பிட்டாள். "இஞ்ச பாருங்க, வண்டிய எடுங்க. சார் சொல்லுகத எடுத்துட்டு வாங்க."

சஜு கோயிலுக்குப் போக இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான். "நேத்து ஒழிப்பிச்ச ஆள இன்னைக்கு மறுபடி குடிவைக்கதா? நல்ல கெட்டிடம் இது," என்றான். ஆனால் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாவியை எடுத்தான்.

செய்யவேண்டியதைச் சிவதாணு சொன்னார்: ஒரு காலிப் பெட்டியில், தோட்டத்துக் கூட்டிலிருந்து முட்டையும் புழுவுமுள்ள தேனடை ஒன்றை எடுத்து வைத்து, பழைய இடத்திலேயே வைக்கவேண்டும். குஞ்சு இருக்கும் அடையைத் தேனீ விட்டுப்போகாது. அலைந்தவை ஒவ்வொன்றாக உள்ளே அடையும். அந்தியில் வாயை மூடி, மற்றப் பெட்டிகளோடு சேர்த்து இந்த முறை உண்மையாகவே ஊர் தாண்டிக் கொண்டுபோகவேண்டும்.

"எங்க கொண்டுபோறது?" என்றார் சிவதாணு. "அதுதானே இல்லாம இருந்துது."

அவர் கேட்காமலிருந்ததால் சொல்லாமலிருந்த ஒன்றை ஜெயபாய் அப்போதுதான் நினைத்தாள். மலையடிவாரத்து ஊரான கள்ளிக்காட்டில் அவள் சித்தப்பா மகன் ராஜதாசுக்கு ரப்பர் உண்டு. தோட்டத்து ஓரத்தில் இரண்டு அறையுள்ள வீடும் பூட்டிக் கிடந்தது. போன் போட்டாள்.

"எலே ராஜதாசே, ஒனக்க ரப்பருக்குள்ள மூணு தேன்பெட்டி வைக்க எடம் உண்டா?"

"உண்டே. தேன் தருவியளா?"

"கூட ஒரு ஆளும் உண்டு. ரொம்பப் பேசுவாரு."

"இங்க ரப்பரத் தவிர பேச ஆளில்ல சேச்சி. அனுப்புங்க."

அன்று அந்தக் கட்டடத்திலிருந்து யாரும் திருவிருந்துக்குப் போகவில்லை. சஜு கொண்டுவந்த பெட்டியைச் சிவதாணு பழைய இடத்தில் வைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஜெஸ்மியும் பின்சியும் ஸ்ரீகுமாரியும் நின்று பார்த்தார்கள். முதலில் ஒன்று வாசலில் இறங்கி உள்ளே போனது. வெளியே வந்து வாலைத் தூக்கி நின்று றெக்கையை விசிறியது. "வாசனை விடுகு. வீடு இங்கதான்னு மத்ததுகளக் கூப்பிடுகு," என்றார் சிவதாணு. அவருக்குக் குரல் திரும்பிவிட்டது. பிறகு பத்து, ஐம்பது. மத்தியானத்துக்குள் தொட்டி மூடி வெறுமையானது. சேலை ஓரம் வெளுத்தது.

"எனக்குக் கொட்டினது இதுல ஏதாக்கும்?" என்று கேட்டாள் பின்சி.

"அது அன்னைக்கே செத்துப்போச்சு மக்ளே. ஒரு தடவ கொட்டினா அதுக்குப் பொறவு உயிர் தங்காது."

பின்சி தன் கண்ணிமையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அந்தியில் வாசலை அடைப்பதற்குச் சிவதாணு ஈரத்துணி எடுத்தார். ஜெயபாய் தடுத்தாள். துணி என்றால் மூச்சு முட்டும். கீழே போய்த் தன் மருந்துப்பெட்டியிலிருந்து காஸ் சுருளை எடுத்து வந்தாள். காயத்தில் சுற்றும் அதே வலைத்துணி. காற்று போகும், ஈ போகாது. இரண்டு மடிப்பாக வாசலில் வைத்து, பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கை பழையபடி ஓடியது. தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த மூன்று பெட்டிகளுக்கும் அப்படியே கட்டினாள். சஜுவின் பிக்கப்பில், போன வருடம் அவள் படுத்துப் போன அதே மெத்தையின் மேல் பெட்டிகளை வைத்தார்கள், குலுங்காமலிருக்க.

"ஆம்புலன்ஸ் போட்டு ஒழிப்பிக்கது இதுதான் முதல் தடவ," என்றான் சஜு.

ஜெஸ்மி பின்சியை ஸ்ரீகுமாரியிடம் விட்டுவிட்டு, தானும் ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை. அலைந்த ஈக்கள் அடைந்த சின்னப் பெட்டியை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டாள். உள்ளே தூரத்து மழைபோல இரைந்தது. வழியெல்லாம் ஒவ்வொரு குழிக்கும், "பைய போங்க, பைய போங்க," என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயபாய் இருட்டத் தொடங்கும் சாலையைப் பார்த்தாள். இவர்களில் ஒருவரை இழக்கவேண்டும் என்றுதானே இத்தனை நாளும் மருகினோம் என்று நினைத்தாள். எல்லாரும் ஒரே வண்டியில் இருந்தார்கள்.

கள்ளிக்காட்டில் ராஜதாஸ் டார்ச்சோடு நின்றான். ரப்பர் வரிசைக்கு நடுவில், முன்கூட்டியே மட்டம் பார்த்து நட்ட கால்களின் மேல் பெட்டிகளை வைத்தார்கள். காஸைப் பிரிக்கிற வேலையைச் சிவதாணு ஜெஸ்மியிடம் கொடுத்தார். அவள் முடிச்சை அவிழ்த்து மெதுவாகப் பிரித்தாள்.

திரும்பி வரும்போது ஜெயபாய், "சாரே, பெட்டிதானே பிரச்சனை? அது போயாச்சு. நீங்க வீட்ட ஒழியண்டாம். புதுசா எழுதிக்கலாம்," என்றாள். ஜெஸ்மியும் தலையாட்டினாள்.

சிவதாணு ரப்பர்த் தோட்டம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "ரொம்ப நன்றி சிஸ்டரே. ஆனா அதுக அங்க, நான் இங்கயுன்னா நான் எதப் பத்திப் பேசுகது? ராஜதாஸ் இப்பவே ராணியப் பத்திக் கேட்டான்."

மாதக் கடைசியில் அவர் போனார். வீட்டைக் கழுவித் துடைத்து, அழைப்புமணிக்குப் புது வயர் போட்டு, சாவியை ஜெயபாயின் கையில் தந்தார். "எத்தனயோ எடத்துல இருந்திருக்கேன். ஒழியச் சொன்ன பொறவு கூடவந்து குடிவச்ச வீட்டுக்காரி ஒங்களத் தவிர ஆருமில்ல," என்றார்.

அவர்கள் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை உண்டு. எதற்காக நன்றி என்று உறையின் மேல் ஒரு வரி எழுதிப் போடவேண்டும். போதகர் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து ஜெபிப்பார். பரீட்சையில் ஜெயித்தது, புது வண்டி, சுகப் பிரசவம், விசா. சபைக்கே ஒரு மாதத்து நல்ல செய்தி அப்படித்தான் தெரியவரும். மார்ச் முதல் ஞாயிறு ஜெயபாய் புள்ளியில்லாத வெள்ளைச் சேலை கட்டி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

போதகர் ஒரு உறையை எடுத்தார். "சகோதரி ஜெயபாய். தேனீக்களும் சிவதாணு சாரும் நல்லபடியாகக் குடிபோனதற்காக." கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "சஜு, ஜெஸ்மி, பின்சி குடும்பம். தேனீக்கள் நல்லபடியாகக் குடிபோனதற்காக." அதன் கீழே பெரிய பெரிய எழுத்தில் வேறொரு கை எழுதியிருந்தது. அவர் அதையும் வாசித்தார்: "செத்த தேனீக்காகவும்."

சபையில் தலைகள் திரும்பின. ஜெயபாய் ஜெஸ்மியைப் பார்த்தாள். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதியது. ஜெஸ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது போதகரே மாமரத்தடியில் காத்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் எட்டுப் பத்துப் பெண்கள். "என்ன சிஸ்டரே, நம்ம சபைக்குத் தேனீ எப்ப வந்தது? குடிபோறதுன்னா என்ன?"

ஜெயபாய் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகத்தான் நினைத்தாள். கோயில் மதிலுக்கு அப்பால் ரப்பர் கொழுந்துவிட்டு நின்றது. கை நீட்டி ஒரு கொத்தைப் பறித்தாள்.

"போதகரே, தேன் எதுல இருக்கும், சொல்லுங்க பாப்போம்?"

"பூவுல."

"அதான் இல்ல. இத நக்கிப் பாருங்க," என்று நீட்டினாள். சஜு வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்தான். ஜெஸ்மி அவனை நோக்கிக் கையைக் காட்டினாள்: எஞ்சினை அணைத்துவிடுங்கள், இது இப்போதைக்கு முடியாது.